ஓவியப் பள்ளி நடத்திய அம்மையார்

இசையரங்கில் ஒருவர் பாட அமர்ந்தால், அவர் யாரிடம் பயின்றவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வழக்கம். ஓவியக் கூடத்தில் அவ்வழக்கம் இல்லை. படத்தின் கீழே வரைந்தவர் பெயர் ஒன்றே இருக்கும். கற்பித்தவர் பெயரை நாம் தேடிச் செல்வதும் அரிது. அவ்வாறு மறைந்து நிற்கும் பெயர்களுள் ஒன்று கெர்ஸ்டின் கார்டோன். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த இந்த அம்மையார் 1843-இல் பிறந்து 1924-இல் மறைந்தார். மனிதரின் முகச்சாயலைத் தீட்டுவதில் தேர்ந்த ஓவியர். 1875 முதல் 1911 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், ஸ்டாக்ஹோம் நகரில் சொந்தமாக ஓர் ஓவியப் பள்ளியை நடத்தினார்.

இதில் என்ன வியப்பு என்று நேயர்கள் கேட்கலாம். அவர் பிறந்த காலத்து ஸ்வீடனை நினைத்துப் பார்த்தால் விளங்கும். மணமாகாத பெண் எவ்வளவு வயதானாலும் சட்டப்படி ஒரு காப்பாளரின் பொறுப்பிலேயே இருந்தாள். 1863-இல் வந்த சட்டந்தான், இருபத்தைந்து வயது நிறைந்த மணமாகாத பெண் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்றது. அந்நாட்டு அரச கலைக்கழகம் 1735-இல் தோன்றியது. எனினும், 1849-இல் அமாலியா லிண்ட்கிரேன் போன்ற ஒரு சிலர் தனி அனுமதி பெற்றுப் பயிலத் தொடங்கும் வரை பெண்கள் அங்கே முறையான மாணவராக இருக்கவில்லை. 1864-இல் பெண்களுக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டது. அப்போது கார்டோனுக்கு வயது இருபத்தொன்று. அவரும் அக்கழகத்தில் பயின்று வந்தவரே.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே செல்ல விரும்புகிறவளுக்குக் கை பழகியிருக்க வேண்டும். கரிக்கோலைப் பிடித்து, ஒளியும் நிழலும் முகத்தில் எங்கே பிரிகின்றன என்று கண்டு, வரைந்ததை அழித்து மீண்டும் வரையும் பொறுமை வந்திருக்க வேண்டும். இதற்குக் கலைக்கழகத்தை எதிர்பார்த்துப் பயனில்லை. கார்டோன் போன்றோரின் தனிப் பள்ளிகள்தாம் இடையிலிருந்த பள்ளத்தை நிரப்பின.

கலை வரலாறு எழுதுவோர் இப்பணியைக் கண்டுகொள்வதில்லை. 1885-இல் எண்பத்து நான்கு ஓவியர்களும் சிற்பிகளும் ஒன்றுகூடி, கலைக்கழகத்தின் பழைய போக்கை மாற்ற வேண்டும் என்று கையொப்பமிட்டார்கள். அந்தக் கிளர்ச்சி எல்லா நூல்களிலும் விரிவாக இருக்கிறது. கிளர்ச்சி வேண்டியதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் ஒரு பெண்மணி காலையில் பள்ளியைத் திறந்து, மாணவி வரைந்த மூக்கின் கோணலைத் திருத்திக்கொண்டிருந்தார் என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அப்பள்ளியில் 1880 வாக்கில் பயின்றவர்களுள் ஹில்மா அஃப் கிளின்ட் ஒருவர். 1862-இல் பிறந்தவர். உருவப்படம் வரையவே அங்குச் சென்றார். பின்னர் 1882 முதல் 1887 வரை கலைக்கழகத்தில் பயின்று, இயற்கைக் காட்சிகளையும் முகங்களையும் செடிகொடிகளையும் வரைந்து பிழைப்பு நடத்தினார். 1906-இல் அவருடைய தூரிகை முற்றிலும் வேறு வழியில் திரும்பியது. முகமும் இல்லை, மரமும் இல்லை. சுருளும் வட்டமும் இதழும் எழுத்தும் வண்ணமுமாகப் படங்கள் பிறந்தன. கண்ணுக்குப் புலனாகாத உலகிலிருந்து வந்த கட்டளையால் வரைவதாகவே அவர் நம்பினார். 1907-இல் குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை மனித வாழ்வைக் காட்டும் பத்துப் படங்களைச் சுமார் நாற்பதே நாட்களில் வரைந்தார். ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம்! உருவமற்ற ஓவியத்தின் முன்னோடி என்று உலகம் போற்றிய காண்டின்ஸ்கி அத்துறையில் பெயர் பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடந்தது இது.

இவற்றுக்குக் கார்டோன் காரணம் என்று கூறினால் அது மிகையாகும். உள்ளதை உள்ளவாறு வரையக் கற்பித்தவர் அவர். மாணவியோ உள்ளதையே விட்டுவிட்டார். ஆயினும் அவ்வளவு பெரிய தாளில் பிசகாமல் ஓடும் கோடுகளைப் பார்க்கும்போது, அந்தக் கை எத்தனை முகங்களை வரைந்து பழகியிருக்கும் என்ற எண்ணம் நமக்கு எழாமல் இல்லை.

1910-இல் ஸ்வீடன் நாட்டுப் பெண் ஓவியர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். கண்காட்சிகளில் ஆண்களுக்குக் கிடைத்த இடம் தங்களுக்குக் கிடைக்காமையே காரணம். அடுத்த ஆண்டு கார்டோனின் பள்ளி முடிவுற்றது. பள்ளியைத் தொடங்கியபோது பெண்கள் கேட்டது கற்க ஓர் இடம். முடித்தபோது கேட்டது காட்ட ஓர் இடம்.

ஹில்மா தம் படங்களில் பலவற்றைத் தாம் மறைந்து இருபது ஆண்டுகள் கழியும் வரை திறக்க வேண்டாமெனக் குறித்துவைத்து, 1944-இல் காலமானார். 2018-இல் நியூயார்க் நகரின் குகன்ஹைம் கூடத்தில் தொடங்கிய அவருடைய கண்காட்சியை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். ஆசிரியையோ 1924-இலேயே மறைந்துவிட்டார். மாணவியின் வாழ்க்கையைக் கூறுமிடங்களில், உருவப்படம் பயின்ற இளமைப் பருவத்தைச் சொல்லும் வரியில், கெர்ஸ்டின் கார்டோன் என்ற பெயர் வருகிறது.