ஸ்கேன் காகிதத்தில் உள்ள வார்த்தைகள்

(கன்னிவாடியில் நடந்த தாங்குநர் கூடுகையில் பேசியது)



நீங்கள் அனுப்புகிற காணிக்கை பிணியாளிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று கடிதங்களில் கேட்கிறீர்கள். இன்று ஒரு சிறு காரியத்தை மட்டும் பேசுகிறோம். சிறுநீரக வியாதி என்று வருகிறவருக்கு வயிற்றை ஸ்கேன் எடுத்தபின் கையில் கொடுக்கிறார்களே ஒரு காகிதம், அதைப் பற்றி.

அதில் உள்ள வார்த்தைகள் இங்கிலீஷ்கூட இல்லை. பாதி லத்தீன், பாதி கிரேக்கு. 'ரீனல் கால்குலஸ்' என்று இருந்தால் சிறுநீரகத்தில் ஒரு கூழாங்கல் என்று பொருள், அவ்வளவுதான். வேதம் வாசிக்கிற நமக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. எபிரெய மொழியில் சிறுநீரகத்துக்கு உள்ள ஒரே சொல்லை நம் பழைய தமிழ் வேதாகமம் லேவியராகமத்தில் 'குண்டிக்காய்கள்' என்றும், சங்கீதத்தில் 'உள்ளிந்திரியங்கள்' என்றும் இரண்டு விதமாக எழுதியிருக்கிறது. கறிக்கடைக்காரருக்குத் தெரிந்த சொல் ஒன்று, ஜெபத்துக்கு ஏற்ற சொல் ஒன்று. மொழிபெயர்த்தவர்கள் கேட்கிறவனை நினைத்தே எழுதினார்கள். ஸ்கேன் காகிதம் எழுதுகிறவர் மற்றொரு டாக்டரை நினைத்து எழுதுகிறார். அதில் தப்பில்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர் வேறு ஆள்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் பருத்தி விதைக் காட்டில் பூவுக்குப் பூ மகரந்தம் வைக்கிற வேலை செய்யும் ஒரு தாயார் எங்களிடம் வந்தார். காட்டில் ஒதுங்க இடம் இல்லை என்று விடியற்காலம் முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பது அவர்களுக்கு வழக்கம். நான்கு மாதத்துக்கு முன் இடுப்பில் தாங்கமுடியாத வலி வந்து, எங்கேயோ ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். "கல் இருக்கும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறு குடித்தார். வலி நின்றுவிட்டது. கல் கரைந்துவிட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லி வேலைக்குப் போய்விட்டார்.

அந்தக் காகிதத்தில் இன்னும் ஒரு வார்த்தை இருந்தது: 'ஹைட்ரோநெப்ரோசிஸ்'. சிறுநீரகத்தில் தண்ணீர் தேங்கி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், மடை அடைபட்டு வயலில் நீர் நிற்கிறது. நின்றால் பயிருக்கு என்ன ஆகும் என்று கன்னிவாடிக்காரருக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. வலி நின்றது கல் போனதனால் அல்ல. அடைபட்ட சிறுநீரகம் நாள் ஆக ஆகக் குறைவாகவே நீர் பிரிக்கும், உள்ளே அழுத்தம் தணியும், வலியும் அடங்கும். சிறுநீரகம் அமைதியாகக் கெட்டுக்கொண்டிருக்கும். குளிர்காய்ச்சலோடு அந்தத் தாயார் வந்தபோது குழாய் வைத்து நீரை வடித்தோம். உயிர் பிழைத்தார். ஆனால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் மெல்லிய தோல்பையாகிவிட்டது. இனி மற்றொன்றைக் கொண்டுதான் ஜீவிக்கவேண்டும்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. 'சிம்பிள் சிஸ்ட்' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, கட்டி, புற்றுநோய் என்று பயந்து, ஆட்டை விற்றுப் பணத்தோடு வருகிறவர்கள் உண்டு. அது வெறும் நீர்க்குமிழ். வயதானவர்களுக்குச் சாதாரணமாய் வருவது. பெரும்பாலும் ஒன்றும் செய்யவேண்டாம். அப்படியே, 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் அநேகமாகத் தானே இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு வலது சிறுநீரகம் சற்று வீங்கியிருப்பதும் சகஜம். 'போஸ்ட் வாய்ட் ரெசிடியூ' என்று பெரியவர்களுக்கு எழுதியிருந்தால், சிறுநீர் கழித்த பின்னும் பையில் மிச்சம் நிற்கிறது என்று அர்த்தம். இதை வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது.

முன்காலத்தில் இந்த வேலை இன்னும் கஷ்டமாக இருந்தது. நரம்பில் ஏற்றிச் சிறுநீரகத்தை எக்ஸ்ரேயில் தெரியவைக்கும் மருந்து 1929ல் ஜெர்மனியில்தான் வழக்கத்துக்கு வந்தது. அதுதான் ஐ.வி.பி. முந்தின இரவு பேதிக்கு மருந்து, காலையில் பட்டினி, பிறகு ஊசி, நேரம் பார்த்து ஒவ்வொரு படமாக எடுப்பது என்று அரைநாள் போகும். உங்களில் சிலர் அந்த மேஜையில் படுத்திருப்பீர்கள். இன்று கல்லைப் பார்க்க மருந்து ஏற்றாத சி.டி. போதும், அல்ட்ராசவுண்டில் கதிரும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனால் ஐ.வி.பி. படத்தில் சிறுநீரகம் வேலை செய்வதே தெரிந்தது. அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் உருவத்தைத்தான் காட்டும். ஆகவே ஸ்கேனில் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுகிறோம். அது பணம் பறிக்கும் தந்திரம் அல்ல.

வைத்தியத்தைத் தமிழில் சொல்லமுடியாது என்று யாராவது சொன்னால், டாக்டர் சாமுவேல் கிரீன் அவர்களை நினைவூட்டுகிறோம். 1847ல் அமெரிக்க மிஷனிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, சரீர அமைப்பு, ரண சிகிச்சை நூல்களைத் தமிழில் கொண்டுவந்தவர். வார்த்தை இல்லாத இடத்தில் வார்த்தையை உண்டாக்கினார். எங்கள் வேலை அதைவிட எத்தனையோ எளிது. காகிதத்தின் பின்பக்கத்தில் நான்கு வரி தமிழில் எழுதுகிறோம்: எந்தப் பக்கம், என்ன இருக்கிறது, வலி நின்றாலும் எந்தத் தேதிக்குள் மறுபடியும் வரவேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கு ஒரு சகோதரி பக்கத்தில் உட்கார்ந்து, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுகிறார். ஒருவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகும். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அந்தக் கால்மணி நேரத்துக்குப் போகிறது.

உங்கள் சபையில் யாராவது ஸ்கேன் காகிதத்தைக் காட்டினால் நீங்களே பொருள் சொல்லவேண்டாம். நீர் தேங்கியிருக்கிறதா, எப்பொழுது திரும்ப வரச் சொன்னார்கள் என்று டாக்டரிடம் கேட்கும்படி சொல்லுங்கள். காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே அனுப்பிவையுங்கள்.

பழைய காகிதங்களை எறிந்துவிடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். போன வருஷம் 10 சென்டிமீட்டர் இருந்த சிறுநீரகம் இந்த வருஷம் எட்டரைக்கு வந்திருக்கிறது என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒன்று, அந்தப் பளபளப்பான படத்தாளைக் கூரை இடுக்கில் செருகவேண்டாம். சூட்டில் படம் கெட்டுப்போகும். டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள்.