கையில் வாங்கும் கருவியும் கைவிட்டுப் போகும் பொருளும்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பேசத் தக்க பெரும்பொருள்கள் பல உண்டு. நமக்கு அளிக்கப்பெற்ற தலைப்போ, குறைந்த விலையில் கைப்பேசி வாங்குவோர் எதைக் கொள்வது, எதை விடுவது என்பதாகும். அழைப்பிதழில் இதனைக் கண்ட பெரியவர் ஒருவர், "இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. கழகம் தோன்றிய நாளில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவன் தாளில் எழுதி, சாதிச் சான்றின் படியை இணைத்து, தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தான். இன்றோ விண்ணப்பம், தேர்வு நுழைவுச் சீட்டு, வங்கிக் கணக்கு, வேலைவாய்ப்பு அறிவிப்பு ஆகிய நான்கும் உள்ளங்கையளவு கண்ணாடிக்குள் புகுந்துவிட்டன. கைப்பேசிக்கு வரும் ஆறிலக்கக் கடவுச்சொல்லைச் சொல்லாதவனுக்கு எந்தக் கதவும் திறப்பதில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. பாடம் கைப்பேசி வழியே வந்தது. நம் தெருவில் பெரும்பாலான வீடுகளில் ஒரே கைப்பேசிதான். சில வீடுகளில் அதுவும் இல்லை. தந்தை வண்ணம் பூசும் வேலைக்கு அதனை எடுத்துச் சென்றால் மூன்று பிள்ளைகளின் பள்ளியும் அவரோடு புறப்பட்டுப் போயிற்று. இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பிய பிறகே அன்றைய பாடம் வீட்டுக்கு வந்தது.

இனி, பணத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட ஆதிதிராவிட மாணவர்க்கான நடுவண் அரசின் உதவித்தொகைத் திட்டம் 2021-இல் திருத்தியமைக்கப்பட்டபோது, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்பயிற்சி, பட்டயப்படிப்பு ஆகியவற்றில் வீட்டிலிருந்து சென்று பயில்வோர்க்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் கல்விப்படி என்று வகுக்கப்பட்டது. ஒன்பதாயிரம் ரூபாய்க் கைப்பேசியொன்று அப்படியில் மூன்றரை ஆண்டுகளை விழுங்கும். அந்த ஒன்பதாயிரத்தில் 1,370 ரூபாய்க்கு மேல் வரியாகச் செல்கிறது. 2020 ஏப்ரல் முதல் கைப்பேசிக்கான சரக்கு, சேவை வரி பன்னிரண்டு விழுக்காட்டிலிருந்து பதினெட்டாக உயர்ந்தது. உதவித்தொகை பெறும் மாணவனும் வரி செலுத்துகிறான் என்பதைச் 'சலுகை, சலுகை' என்று நம்மைச் சுட்டிப் பேசுவோர் ஒருநாள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நம் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் மாணவி ஒருத்தி, பட்டயப்படிப்பு இரண்டாமாண்டு. தாய் தோல் தொழிற்சாலையில் காலணி தைக்கிறார். சென்ற ஆண்டு நகரத்துக் கடையொன்றில் 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகையைக் கண்டு தாயும் மகளும் உள்ளே சென்றனர். பெட்டியின் விலை 8,999 ரூபாய். மாதம் 1,500 வீதம் ஆறு தவணை. மேற்கொண்டு நடைமுறைக் கட்டணம் 500. 'பாதுகாப்புத் திட்டம்' என்ற பெயரில், கேளாமலே சேர்த்த 899. ஆக 10,399 ரூபாய். அதே கருவியை எதிர்க்கடையில் ரொக்கத்துக்கு 8,300 ரூபாய்க்குக் கொடுத்தனர் என்பதைப் பின்னரே அறிந்தோம். வட்டியில்லாக் கடனுக்கு அவர்கள் கொடுத்த வட்டி 2,099 ரூபாய். கிட்டத்தட்ட ஓராண்டுக் கல்விப்படி.

அதனோடு முடியவில்லை. ஐந்தாம் மாதம் தொழிற்சாலையில் வேலை குறைந்தது. தவணை பதினொரு நாள் தாமதித்தது. கடன் கொடுத்தவர் விற்பனையின்போதே கருவிக்குள் ஒரு பூட்டுச் செயலியை வைத்திருந்தார். பருவத்தேர்வு நுழைவுச் சீட்டை இறக்க வேண்டிய நாளில் கைப்பேசி பூட்டிக்கொண்டது. திரையில் தவணைத் தொகை மட்டும் தெரிந்தது. அன்று நம் கழகச் செயலாளர் தம் கைப்பணத்தைக் கட்டி அதைத் திறந்தார். அவர் அன்று ஊரில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மாணவி நம்மைக் கேட்டாள். நம்மிடம் விடை இல்லை.

தவணைக் கடன் தருவோர் கூறும் 'சுழிய வட்டி' என்பது இல்லாத ஒன்று என ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே கூறியது. 2024 அக்டோபர் முதல், இத்தகைய கடனுக்குக் கையெழுத்து வாங்குமுன் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வீதத்தைக் காட்டும் 'முக்கிய விவர அறிக்கை'யைத் தர வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. அதனைக் கேளுங்கள். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டவுடன் கடைக்காரரின் முகம் மாறினால், அம்முகமே உங்களுக்கு அறிக்கை. இயன்றவரை ஆறு மாதம் பணத்தைச் சேர்த்து ரொக்கமாக வாங்குவதே நம் கருத்து. 2022-இல் தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டத்திலும், 2024-இல் தொடங்கப்பெற்ற தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் பெற்ற பிள்ளைகள் சிலர் அவ்வாறே செய்தனர். ஆறு மாதம் காத்திருப்பது எளிதன்று; ஆயினும் காத்திருந்தவனின் கைப்பேசியை எவரும் பூட்ட முடியாது.

இனிக் கருவியைப் பார்ப்போம். குறைந்த விலைக் கைப்பேசியில் எல்லாம் நன்றாயிருக்க இயலாது. செய்வோர் ஓரிடத்தில் கூட்டினால் மற்றோரிடத்தில் குறைத்தே தீர்வர். கூட்டியதைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவர். குறைத்ததைத் தேட வேண்டியது வாங்குவோர் வேலை. ஆதலின் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இது எத்தனை ஆண்டு உழைக்கும்?' என்பதே. ஏழாயிரம் ரூபாய்க் கருவி இரண்டாண்டில் முடங்கினால் ஆண்டுக்கு 3,500 ரூபாய். பதினோராயிரம் ரூபாய்க் கருவி நான்காண்டு உழைத்தால் ஆண்டுக்கு 2,750. மலிவானது எது என்பதைப் பெட்டியின் விலைச்சீட்டு சொல்லாது. ஆனால், அந்த நான்காயிரத்தைக் கூடுதலாகப் புரட்டும் வழி இல்லாத வீட்டில் இக்கணக்கு வெறுங்கணக்கு என்பதையும் நாம் அறிவோம். ஏழைக்குத்தான் எப்பொருளும் விலை கூட.

ஆயுளை முடிவு செய்வன மூன்று. முதலாவது, சேமிப்பிடம். 64 ஜி.பி. என்று எழுதியிருந்தாலும் இயங்குதளமும் உடன்வரும் செயலிகளும் அதில் ஒரு பெரும்பகுதியை முன்னரே பிடித்துக்கொள்கின்றன. குடும்பத்துக்கே ஒரு கைப்பேசி என்னும் வீட்டில், தம்பியின் விளையாட்டும், அண்ணனின் பாடக் காணொளியும், அத்தை வீட்டுத் திருமணப் படங்களும் ஓராண்டில் அதனை நிரப்பிவிடும். நிரம்பிய கைப்பேசி விண்ணப்பத்தின் கடைசி நாளில் சான்றிதழைப் படமெடுக்க மறுப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். 128 ஜி.பி. வாங்க இயன்றால் வாங்குங்கள். இயலாவிடில் தனி நினைவு அட்டை செருகும் இடமாவது இருக்கட்டும். அச்சேமிப்பிடம் இ.எம்.எம்.சி. வகையா, யு.எஃப்.எஸ். வகையா என்றும் கேளுங்கள். பின்னது பன்மடங்கு விரைவாகப் படிக்கும். மூன்றாமாண்டில் கருவி தள்ளாடுவதற்கு முன்னது ஒரு காரணம்.

ரேம் என்னும் செயல்நினைவகத்தில் ஒரு சூழ்ச்சி நடக்கிறது. '8 ஜி.பி.' என்று பெட்டியில் கொட்டை எழுத்து. அருகே பொடியெழுத்தில் '4 கூட்டல் 4'. பின்னுள்ள நான்கு உண்மையான ரேம் அன்று. மெதுவான சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டுவது. கூட்டலுக்கு முன்னுள்ள எண்ணை மட்டுமே எண்ணுங்கள். 2025-இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியதால் இச்சூழ்ச்சியில் ஏமாறுவோரின் இழப்பும் கூடியிருக்கிறது.

இரண்டாவது, மென்பொருள் புதுப்பிப்பு. இதனைக் கடைகளில் பலர் கேட்பதே இல்லை. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நாளடைவில் வங்கிச் செயலிகள் அதனை ஏற்க மறுக்கும். 2025 சனவரியில் வாட்ஸ்அப் பழைய ஆண்ட்ராய்டு 4 வகைகளைக் கைவிட்டது. ஒரே விலையுள்ள இரு கருவிகளில் ஒன்றுக்கு இரண்டாண்டுப் புதுப்பிப்பும் மற்றொன்றுக்கு நான்காண்டுப் புதுப்பிப்பும் இருக்கக்கூடும். சாம்சங் 2024-இல் கொணர்ந்த கேலக்ஸி ஏ16 5ஜி என்னும் நடுத்தரத்துக்குச் சற்றுக் குறைந்த வகைக்கு ஆறாண்டு வாக்களித்தது. ஆகவே, இது விலையுயர்ந்த கருவிகளுக்கே உரியது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டா. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் முதல் நடப்புக்கு வந்த விதி, ஒரு வகையின் விற்பனை நின்ற பின்னும் ஐந்தாண்டுகள் புதுப்பிப்புத் தர வேண்டும் என்கிறது.

மூன்றாவது, பழுதுபார்ப்பு. மின்கலம் ஏற்றியிறக்கி ஏற்றியிறக்கித் தேய்வது அதன் இயல்பு. இரண்டு மூன்று ஆண்டில் மாற்ற வேண்டி வரும். திரை உடைவது நம் இயல்பு. வாங்குமுன் நம் ஊர்ப் பழுதுக் கடைக்காரரிடம் சென்று, 'இந்த வகைக்குத் திரை கிடைக்குமா, என்ன விலை?' என்று கேளுங்கள். அவருக்கு விளம்பரம் கிடையாது, உண்மை தெரியும். இணையத்தில் மட்டும் விற்கும் அரிய வகையொன்றை நாமே ஒருமுறை வாங்கி, திரை உடைந்தபின் மூன்று மாதம் உதிரிப்பாகத்துக்குக் காத்திருந்தோம்.

எதை விடலாம்? படக்கருவியை விடலாம். 50 மெகாபிக்சல் என்பதைக் கேட்டு மயங்க வேண்டா. நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்துப் பெரும்பாலும் பன்னிரண்டரையாகவே அது படம் தருகிறது. பின்புறத்தில் கண்கள்போல் பொருத்தியிருக்கும் 2 மெகாபிக்சல் வில்லைகள் பெரும்பாலும் அழகுக்கே. சான்றிதழின் எழுத்துத் தெளிவாக விழுந்தால் போதும். 5ஜி பற்றிச் சற்று நிதானம் வேண்டும். இந்தியாவில் அது 2022 அக்டோபரில் தொடங்கியபோது ஜியோ தனித்தியங்கும் முறையிலும், ஏர்டெல் 4ஜியைச் சார்ந்தியங்கும் முறையிலும் அமைத்தன. மிக மலிவான 5ஜி கருவிகள் சில முதல் முறையை மட்டுமே ஏற்பவை. உங்கள் அட்டைக்கு அது பொருந்துமா என்று கேளாமல் 5ஜிக்காகச் சேமிப்பிடத்தைக் குறைத்துக்கொள்வது நட்டமே. அதைவிட, உங்கள் வீட்டுக்குள் எந்த நிறுவனத்தின் அலை எட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

பழைய கருவி வாங்குவதை இழிவாக எண்ண வேண்டா. சென்னை ரிச்சி தெருவிலும் நம் ஊர்க் கடைகளிலும் நல்லவை கிடைக்கின்றன. ஆனால் *#06# அழுத்தி வரும் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை முன்னிட்டு 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பாருங்கள். தடைசெய்யப்பட்ட கருவியாயின் தெரிந்துவிடும். முன்னவரின் கணக்கு நீக்கப்பட்டதா என்பதை அவர் எதிரிலேயே பாருங்கள். ரசீது வாங்குங்கள். திருட்டுக் கைப்பேசியோடு பிடிபட்டால், பிறர்க்கு அது ஓர் ஏமாற்றம்; நம் பிள்ளைக்கு அது காவல் நிலையம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய கைப்பேசி எதற்கு?' என்று ஊரார் கேட்கும் கேள்வியை நாம் கேட்கவில்லை. அக்கேள்வியின் வயது நமக்குத் தெரியும். நம் பாட்டன் செருப்பணிந்தபோதும், நம் தந்தை மிதிவண்டி ஏறியபோதும் கேட்கப்பட்ட கேள்வி அது. நல்லதொரு பொருள் கையிலிருக்க வேண்டும் என்று நம் பிள்ளை விரும்புவதில் குற்றமில்லை. அண்ணல் அம்பேத்கர் நேர்த்தியாக உடுத்து அவை ஏறியவர். அவரே நியூயார்க்கில் மாணவராயிருந்த 1913 முதல் 1916 வரையிலான ஆண்டுகளில் உதவித்தொகையை மிச்சம் பிடித்துப் பழைய புத்தகக் கடைகளில் நூல்களைத் தேடித் தேடி வாங்கியவர். பளபளப்பான முதுகுள்ள கருவியை வேண்டாம் என்று சொல்லவில்லை, தம்பிகளே. அந்தப் பளபளப்புக்கு எத்தனை ஆண்டு ஆயுளைக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள்.

இறுதியாக ஒரு சிறு வழக்கத்தைக் கழகத்தின் முன் வைக்கிறோம். ஆதாரோடும் வங்கியோடும் இணைந்த எண்ணைப் பழைய பொத்தான் கைப்பேசியில் இட்டு வீட்டில் தாயிடம் வையுங்கள். திறன்பேசி உடைந்தாலும் தொலைந்தாலும் உதவித்தொகைக்கான கடவுச்சொல் வந்துசேரும். விற்றவரோடு வழக்கு வந்தால், 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஐந்து லட்சம் ரூபாய்க்குட்பட்ட பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். எழுதித் தரக் கழகத்தில் ஆள் இருக்கிறது.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் படிப்பகத்தில் மூன்று நான்கு விலைகளில் கைப்பேசிகளை மேசைமேல் வைக்கவிருக்கிறோம். நம் தெருவின் பழுதுக் கடைத் தம்பியும் வருவதாக ஒப்பியிருக்கிறார். வாங்க எண்ணியிருப்போர் கடைக்குப் போகுமுன் அங்கே வாருங்கள். தவணைத் தாளில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் அத்தாளையும் எடுத்து வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.