கட்சிச் சார்பும் சங்கக் குரலும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேர்தற்காலம் அணுகுந்தோறும், ஒரு கட்சிக்கு ஆதரவாகச் சங்கத்தின் பெயரால் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்று நம்மவருட் சிலர் வற்புறுத்துவது வழக்கமாயிற்று. இதனைத் தெளிவதற்கு, கட்சியோடு நெருங்கிய உறவு பூண்டும் நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கும் ஓர் அயல்நாட்டுச் சங்கத்தின் வரலாறு துணைசெய்யும். இலண்டன் மாநகரிலுள்ள பேபியன் சங்கமே அது.

இச்சங்கம் 1884-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தோன்றியது. வலிமை மிக்க ஹானிபாலை நேர்ப்போரில் எதிராது, காலந்தாழ்த்தித் தளர்வுறச் செய்த பேபியஸ் என்னும் உரோமானியத் தளபதியின் பெயரே இதற்கு இடப்பட்டது. கலகத்தாலன்றிப் படிப்படியான சட்டங்களால் சமதர்மத்தை எய்தலாம் என்பது இவர்தம் கொள்கை. சிட்னி வெப், அவர் மனைவியார் பியாட்ரிஸ், நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா ஆகியோர் இதன் தூண்களாயினர். 1889-இல் வெளிவந்த பேபியன் கட்டுரைத் தொகுதியை எழுதிய எழுவருள் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஒருவர். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917-இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

ஹட்சின்ஸன் என்னும் அங்கத்தினர் 1894-இல் இறந்தபோது, இச்சங்கத்தின் பணிக்கெனப் பெரும்பொருள் வைத்துச் சென்றார். அதனைப் பிரசாரத்திற்கே செலவிடல் வேண்டுமென்று சிலர் வாதித்தனர். வெப் அதிற் பெரும்பகுதியைக் கொண்டு 1895-இல் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியை நிறுவச் செய்தார். சமதர்மத்தை வன்மையாகக் கண்டித்த ஹேயக்கும் 1931 முதல் அங்கே ஆசிரியராய் விளங்கினார். நம் நாட்டு அம்பேத்கரும் அங்கே பயின்று பட்டம் பெற்றார். அப்பொருள் ஒரு தேர்தலோடு செலவழிந்திருப்பின் இப்பயன் விளைந்திராது.

தொடக்கத்தில் லிபரல், கன்சர்வேடிவ் என்னும் இரு கட்சித் தலைவர்களிடத்தும் தம் கருத்தைப் புகுத்தவே பேபியன்கள் முயன்றனர். 1900-இல் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு அமைந்தபோது அதிற் சேர்ந்தனர். அக்குழுவே 1906-இல் தொழிற்கட்சியாயிற்று. 1945-ஆம் வருஷத் தேர்தலில் அக்கட்சி 393 ஸ்தானங்களைப் பெற்றது. வென்றோருள் இருநூற்றுக்கு மேற்பட்டோர் பேபியன்கள். பிரதம மந்திரி அட்லியும் அவர்களுள் ஒருவர்.

இத்துணை நெருக்கம் இருந்தும் சங்கம் கட்சியின் ஊதுகுழலாகாமைக்குக் காரணம் யாது? 1939-இல் அது தனக்குத்தானே ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டது. சங்கத்தின் பெயரால் அரசியல் தீர்மானம் எதுவும் செய்தலாகாது. வெளியிடும் பிரசுரம் அதனை எழுதியவர் கருத்தே. ஆராயத்தக்கது என்ற அளவிற்கே சங்கம் அதற்குப் பொறுப்பேற்கும். கட்சியுறவை அது மறைக்கவில்லை. ஆயினும் பலர் கருத்தை ஒரே குரலாகக் காட்டவுமில்லை.

இக்கட்டுப்பாடு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வெப் தம்பதிகளே சான்று. சோவியத் நாட்டைப் புதிய நாகரிகமோ என வினவி 1935-இல் நூலெழுதிய அவர்கள், 1937-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வினாக்குறியையும் நீக்கினர். அந்நாட்டில் 1932, 1933-ஆம் ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மடிந்தனர் என்பதை உலகம் இன்று அறியும். பேரறிஞரும் பிழைபடுவர். அப்பிழை எழுதியவரோடு நிற்பது நன்று; சங்கத்தார் அனைவர் தலையிலும் சுமத்தப்படுவது தீது.

அன்பர்களே! பேபியன் சங்கத்தார் கொள்கையால் ஒன்றுபட்டவர்கள். நாமோ பிறப்பால் ஒரு சமூகத்தவராயினமையின் இங்குக் கூடியுள்ளோம். கொள்கையால் ஒன்றியவர்களே ஒரு குரலாய்த் தீர்மானஞ் செய்ய அஞ்சினராயின், பிறப்பால் மட்டும் ஒன்றிய நாம் நம் பெண்டிர், இளைஞர் அனைவருடைய வாக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் எங்ஙனம் தகும்? கட்சியில் சேர்வது அவரவர் உரிமை. சங்கத்தின் கடமை வேறு. நம் சிறார் எத்தனை பேர் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்துகின்றனர், தொழில் செய்வோர் கடன்சுமை எவ்வளவு என்பனவற்றைக் கணக்கெடுத்து, எழுதியவர் பெயருடன் வெளியிட்டு, எல்லாக் கட்சியார்க்கும் ஒருங்கே அளிப்போமாக. நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோர் அதனைப் படித்து விடை கூறட்டும்.