ஜப்பான் செல்வோர் அறிய வேண்டுவன



நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் ஜப்பானில் வேலை பார்க்கின்றனர். அவர்களைக் காணப் பெற்றோரும் புறப்படுகின்றனர். வழிச்செலவுக்குப் பணம் சேர்ப்பது போலவே, அந்நாட்டு வழக்கங்களையும் அறிந்து செல்லுதல் வேண்டும்.

நம்மைப் போலவே அவர்களும் காலணியைக் கழற்றிவிட்டே இல்லம் புகுவர். கழிவறைக்கெனத் தனிச் செருப்பு உண்டு. அதனோடு அறைக்குள் வருதல் கூடாது. குளியல் தொட்டி உடலழுக்கைப் போக்குவதற்கன்று. வெளியே நன்றாகத் தேய்த்துக் குளித்த பின்னரே அதன் வெந்நீரில் அமர்வர். அதே நீரில் வீட்டார் பிறரும் அமர்வராதலின், இதில் பிழை ஆகாது.

உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நடாதீர்கள். இறந்தோர்க்குப் படைக்கும் சோற்றிலேயே அவ்வாறு நடுவர். நம் வீட்டு விருந்தில் ஒருவர் அமங்கலம் செய்தால் நம் மனம் என்ன பாடுபடும்!

மரக்கறி உண்போர் 'தாஷி' என்னும் சொல்லை நினைவிற் கொள்க. பெரும்பாலும் உலர்ந்த மீனிலிருந்து இறக்கிய சாறு அது. காய்கறி உணவிலும் கலந்திருக்கும். கண்ணுக்கு மீன் தெரியவில்லை என்று நம்பிவிடாமல் கேட்டறிக. புத்த மடங்களின் 'ஷோஜின்' உணவில் மீன் சேராது.

ரயிலில் தொலைபேசியில் பேசுதல் தகாது. உணவு விடுதியில் இனாம் அளிக்கும் வழக்கமும் இல்லை.

நாமும் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழ்பவர்களே. அயலார் நம் வழக்கமறிந்து வாயிலில் செருப்பைக் கழற்றியபோது நாம் அடைந்த மகிழ்ச்சியை மறந்தோமல்லோம். அதனை அவர்களுக்கும் அளிப்போமாக.