கொழுந்து கிள்ளும் கைகள்: ஜப்பானியப் பூங்காக்களில் கண்டவை
(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுப் பூங்காக்களைப் பார்க்க விரும்புவோரைச் சிறு குழுக்களாக அழைத்துச் செல்வது என் தொழில். அதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். பல நாடுகளுக்குப் போயிருந்தாலும், நம் உடப்புசல்லாவையைப் புதிதாகப் பார்க்க வைத்த நாடு ஜப்பான்தான். ஆகவே அதை மட்டும் சொல்கிறேன்.

கியோத்தோ நகரில் ரியோஆன்ஜி என்றொரு கோயில். அதன் முற்றத்தில் வெண்சரளையும் 15 கற்களும்தான் உண்டு. பூவும் இல்லை, குளமும் இல்லை. திண்ணையில் எங்கே அமர்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். ஏன் அப்படி வைத்தார்கள் என்று வைத்தவர்கள் எழுதி வைக்கவில்லை. என் குழுவினர் முதலில் அங்குமிங்கும் நடந்து கற்களை எண்ணுவார்கள். நான் குறுக்கிடுவதில்லை. சற்று நேரத்தில் அவர்களாகவே உட்கார்ந்து அமைதியாகிவிடுவார்கள். எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் வழிகாட்டிக்கு முதல் பாடம்.

தேநீர்க் குடிலுக்குப் போகும் நடைபாதையில் சில வேளை உள்ளங்கை அளவு கல்லொன்று கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டுக் கிடக்கும். அதன் பெயர் செக்கிமோரி இஷி. 'இதற்கு மேல் போக வேண்டாம்' என்று பொருள். காவலாளியும் இல்லை, அறிவித்தல் பலகையும் இல்லை. சிறுவன்கூட அதைத் தாண்டிவிடலாம். ஆனால் யாரும் தாண்டுவதில்லை.

சைஹோஜி என்ற கோயிலைப் பாசிக்கோயில் என்பார்கள். முசோ சொசெக்கி என்ற துறவி 1339இல் அதன் தோட்டத்தைத் திருத்தி அமைத்தார். பாசி அவர் நட்டதல்ல. பிற்காலத்தில் பராமரிப்புக் குறைந்தபோது ஈரத்தில் தானாகப் படர்ந்தது. இன்று சுமார் 120 வகைப் பாசிகள் அங்கே உண்டு. நம் ஊர் மூடுபனியில் லயத்துப் படிக்கட்டிலும் கல்லணையிலும் வளரும் பாசியை நாம் சுரண்டி எறிகிறோம். அங்கே அதன்மேல் விழும் சருகை மெல்லிய துடைப்பத்தால் பக்குவமாக ஒதுக்குகிறார்கள்.

கனசவா நகரின் கென்ரொகு-என் பூங்காவில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1இல் ஒரு வேலை தொடங்கும். பனிப்பாரத்தில் பைன் மரக் கிளைகள் முறியாதபடி, மரத்தருகே உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டுவார்கள். இதற்கு யுக்கிசுரி என்று பெயர். கயிறு கட்டும் தொழிலாளியைப் பார்க்கவே மக்கள் கூடுகிறார்கள். மரத்தைப் போலவே அவருடைய கைத்திறனும் அங்கே காட்சிதான்.

இளவேனிலில் பைன் மரத்தின் இளந்தளிரைத் தோட்டக் கலைஞர் விரலால் கிள்ளுவார். அந்த வேலை மிதோரிசுமி. தேயிலைக் கொழுந்து பறிப்பது சாசுமி. இரண்டிலும் வரும் 'சுமி' ஒரே சொல்தான்; கிள்ளிப் பறித்தல் என்று பொருள். இதை அறிந்தபோது என் அம்மாவின் விரல்களை நினைத்தேன். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பார்வையாலேயே அளந்து, மட்டக்கம்புக்கு மேலே வந்ததை மட்டும் எடுத்து, தோளுக்குப் பின்னால் கூடைக்குள் போட்ட விரல்கள் அவை. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்த பயிற்சி அது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று படித்தோம். அந்தச் செடிகளில் கொழுந்தெடுத்தவர்களின் பெயர்களை எந்தப் பாடப்புத்தகத்திலும் நாம் படிக்கவில்லை.

ஊஜி என்ற ஊரில் பச்சைத் தேயிலைத்தூளுக்கான செடிகளைப் பறிப்பதற்கு மூன்று வாரமளவுக்கு முன்பே பாயாலும் வைக்கோலாலும் மூடி நிழல் கொடுப்பார்கள். வெயில் குறைந்தால் துவர்ப்புக் குறையும், சுவை கூடும். சிறந்த இலையை ஆண்டுக்கு ஒரு முறை, மே மாதத்தில், கையால் பறிப்பார்கள். நாமோ வாரத்துக்கு ஒரு முறை அதே செடிக்குத் திரும்புகிறோம். உறைபனி கொழுந்தைக் கருக்காதிருக்க அங்கே கம்பங்களில் பெரிய விசிறிகளைப் பொருத்தி, மேலேயுள்ள இளஞ்சூட்டுக் காற்றைக் கீழே தள்ளுகிறார்கள். ஜனவரி உறைபனி என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜப்பானில் எல்லாமே பொன் என்று நான் சொல்லவில்லை. அங்கும் தேயிலைக் கிராமங்களில் முதியவர்களே மிஞ்சி நிற்கிறார்கள். ஆயினும் செடியைப் பேணுகிறவருக்கு அங்கே தொழிற்பெயர் உண்டு, மதிப்பு உண்டு. நமக்கோ 'தோட்டம்' என்ற சொல்லே வசைச்சொல்லாக வீசப்பட்டது. அதனால்தான் கொழும்புக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர் ஊர் எதுவென்று கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு 'நுவரெலியா' என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லும் நிலையை நாம் உருவாக்க வேண்டும். மரியாதையோடு கூலியும் வீடும் சேர்ந்து வந்தால்தான் அது முழுமையான மரியாதை.

தங்கச்சிமாருக்கு ஒரு யோசனை. நம் மலைகளைப் பார்க்க உலகமே வருகிறது. அவர்களுக்குத் தேயிலையை விளக்குவதற்குக் கொழுந்தெடுத்தவரின் மகளைவிடப் பொருத்தமானவர் யார்? இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தருகிறது. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் படியுங்கள். 1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கிய ஹக்கலைப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு செடியாகப் பார்த்துப் பழகுங்கள். நாளை வழிகாட்டியானதும் ஒன்றை மறக்காதீர்கள்: மலையில் நிற்கும் அக்காவைப் படமெடுக்க விடுமுன் அவரிடம் அனுமதி கேளுங்கள், அவருடைய பெயரைக் கேட்டுப் பயணிகளுக்குச் சொல்லுங்கள். அவர் கைவேலையை இரண்டு நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

நூறு ஆண்டு கண்ட நம் பாடசாலை இன்னும் பல்லாண்டு வாழ்க.