கைபேசி மோசடி: அவசரப்படாதீர்கள், மறைக்காதீர்கள்

(நமது அறக்கட்டளையின் குடும்ப விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அஸர் தொழுத கையோடு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். மாடியில் பெண்கள் பகுதியிலும் இடமில்லை என்கிறார்கள். மஃக்ரிபுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

நமது அறக்கட்டளைக்கு எப்படிப்பட்ட உதவி மனுக்கள் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம், குமர் காரியம், வீட்டு வாடகை. இப்போது புதிதாக ஒரு வகை மனுவும் வருகிறது. "பேங்கில் இருந்த பணம் போய்விட்டது, போனில் யாரோ பேசினார்கள்" என்பதுதான் அது.

ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். தையல் வேலை செய்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் சேர்த்து வைத்திருந்தார். "உங்கள் மகளுக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, கணக்கைச் சரிபார்க்க வேண்டும்" என்று ஒருவன் மரியாதையாகப் பேசியிருக்கிறான். மகளின் பெயர், கல்லூரியின் பெயர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். போனில் வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டான். இவரும் சொல்லிவிட்டார். சற்று நேரத்தில் 38 ஆயிரம் ரூபாய் போய்விட்டது.

எங்களை அதிகம் வருத்தியது அதற்குப் பிறகு நடந்ததுதான். 11 நாட்கள் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கணவர் சபரில் இருக்கிறார்; அவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ, மாமியார் என்ன நினைப்பாரோ என்ற பயம். கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியபோதுதான் நம் அலுவலகத்துக்கு வந்தார். அதற்குள் அந்தப் பணம் கணக்கு மாறி கணக்கு மாறி, யாரோ எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். கல்லூரிக் கட்டணத்தை அறக்கட்டளை கட்டியது. ஆனால் அது இன்னொரு பிள்ளைக்குப் போக வேண்டியிருந்த ஜகாத் பணம்.

ஆகவே இன்று இரண்டு விஷயங்களைத்தான் சொல்லப் போகிறோம். அவசரப்படாதீர்கள். ஏமாந்துவிட்டால் மறைக்காதீர்கள்.

பயம், ஆசை, பாசம்

இந்தத் திருடர்கள் பூட்டை உடைப்பதில்லை. நம்மிடமே சாவியைக் கேட்டு வாங்குகிறார்கள். அதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறார்கள்.

முதலாவது பயம். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்கிறோம், வீடியோ காலைத் துண்டிக்காதீர்கள்" என்பார்கள். திரையில் காவல்துறைச் சீருடை தெரியும், முத்திரை தெரியும். டிஜிட்டல் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தமது வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். இதில் நாம் வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று உண்டு. நம் பெயரைப் பார்த்துவிட்டு, "தீவிரவாத வழக்கு" என்ற வார்த்தையை வேண்டுமென்றே சொல்கிறார்கள். அந்த வார்த்தைக்கு நம்மவர்கள் நடுங்குவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தக் காவல் அதிகாரியும் போனில் விசாரித்துப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார். அப்படி யாராவது பேசினால் இணைப்பைத் துண்டித்துவிட்டு நேராக ஜமாஅத் அலுவலகத்துக்கு வாருங்கள். தேவைப்பட்டால் வழக்கறிஞரோடு நாங்கள் காவல் நிலையத்துக்கு வருகிறோம்.

இரண்டாவது ஆசை. உதவித்தொகை, வீட்டிலிருந்தே வேலை, பாதி விலையில் உம்ரா, ஹஜ்ஜுக்கு மிச்சமிருக்கும் ஓர் இடம். ஹஜ் கமிட்டி ஆஃப் இந்தியாவுக்கான விண்ணப்பத்தை அதன் அதிகாரப்பூர்வ இணையதளத்திலும் 'ஹஜ் சுவிதா' செயலியிலும்தான் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் இடம் விற்பவர் யாரும் கிடையாது. உம்ரா என்றால் ஏஜென்டின் அலுவலகத்தைக் கண்ணால் பார்த்து, அவர் மூலம் போய் வந்தவர்களிடம் கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

மூன்றாவது பாசம். நம் ஊரில் சபருக்குப் போகாத வீடு அபூர்வம். புது எண்ணிலிருந்து, "உம்மா, என் போன் தொலைந்துவிட்டது, இது கூட்டாளி நம்பர், அவசரமாகப் பணம் வேண்டும்" என்று செய்தி வருகிறது. படத்தில் மகனின் முகம் இருக்கிறது. அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இப்போது செயற்கை நுண்ணறிவின் உதவியால் குரலையும் அச்சு அசலாக உண்டாக்குகிறார்கள். ஆகவே பழைய எண்ணுக்கு நீங்களே போன் போடுங்கள். கிடைக்காவிட்டால் அவரோடு தங்கியிருப்பவரைக் கேளுங்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை இன்றைக்கே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பணம் கேட்பவர் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

மூன்று வழிக்கும் பொதுவானது அவசரம். "இப்போதே, யாரிடமும் சொல்லாமல்" என்று ஒருவன் சொன்னால் அங்கேயே அடையாளம் தெரிந்துவிட்டது. உண்மையான வங்கியும் உண்மையான மகனும் பத்து நிமிடம் பொறுப்பார்கள்.

பழக்கத்தில் கொண்டுவர வேண்டியவை

யு.பி.ஐ. மூலம் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. அது பணம் அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். "உங்களுக்குப் பணம் வர இந்தக் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்று சொன்னால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். பழைய கட்டில், பீரோ விற்பதாக விளம்பரம் கொடுத்தவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

ஓ.டி.பி. வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் செய்தி முழுவதையும் படியுங்கள். எந்தக் காரியத்துக்கு, எவ்வளவு தொகைக்கு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். ஆங்கிலம் தெரியாதவர்கள் பிள்ளைகளை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வங்கி ஊழியர் உட்பட யாருக்கும் அதைச் சொல்லக்கூடாது.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. பத்திரிகை என்றால் படமாக இருக்கும், அல்லது பி.டி.எஃப். ஆக இருக்கும். கோப்பின் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது ஒரு செயலி. தொட்டு நிறுவிவிட்டால், உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் அவன் அங்கே உட்கார்ந்து படிக்க முடியும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்திருக்கலாம். அவரது போன் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கலாம். யார் வீட்டுக் கல்யாணம் என்று போன் போட்டுக் கேட்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லது.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட், அதில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்று இருக்கும். அதில் 6 இலக்க எண் ஒன்றை வைத்துவிட்டால், வேறொருவர் உங்கள் கணக்கைத் தம் போனில் திறப்பது கடினம். 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் நீங்கள் அறியாத கணினி ஏதாவது தெரிந்தால் உடனே நீக்கிவிடுங்கள்.

சபரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கிக் கணக்கோடு இணைத்த இந்திய எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட காலம் விட்டுவிட்டால், நிறுவனம் அதைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பிறகு உங்கள் கணக்கின் ஓ.டி.பி. அவருக்குப் போகும். எண்ணை உயிரோடு வைத்திருங்கள், அல்லது விடுமுறையில் வரும்போது வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்தக் கைபேசியையே முடக்கலாம். அதற்கு ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். *#06# என்று அழுத்தினால் திரையில் தெரியும். இன்றிரவே குறித்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

தர்மமும் கடனும்

நம் மக்களின் இரக்கத்தையும் வியாபாரமாக்குகிறார்கள். ரமளான் வந்தால், நோயாளிக் குழந்தையின் படமும் கீழே ஒரு க்யூ.ஆர். கோடுமாகச் செய்தி சுற்றுகிறது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குச் சொல்லும் பாடம். ஜகாத் அமானிதம், உரியவருக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு கொடுப்பவருக்கும் உண்டு. ஸ்கேன் செய்ததும் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும். நமது அறக்கட்டளைக்கு அனுப்பினால் அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். தனிநபர் பெயர் வந்தால் அது நம்முடையது அல்ல. நிறுத்திவிட்டு எங்களைக் கேளுங்கள்.

உடனடிக் கடன் செயலிகள் வேறொரு ஆபத்து. வட்டி ஹராம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் செயலிகள் பல, போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்கின்றன. பிறகு பெண்களின் படத்தைக் கெடுத்து உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். ஐந்தாயிரம், பத்தாயிரம் தேவை என்றால் நம் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் இருக்கிறது. கேட்பதில் வெட்கம் வேண்டாம். மிரட்டலில் ஏற்கெனவே சிக்கியவர்கள் இருந்தால் பணம் கொடுத்துக்கொண்டே போகாதீர்கள், அது நிற்காது. மாடியில் பெண் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால்

1930 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். இணையவழிக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் இது. பணம் போனது தெரிந்த அடுத்த நிமிடமே அழைக்க வேண்டும். பணம் எந்தக் கணக்குக்குப் போயிருக்கிறதோ, அங்கிருந்து எடுக்கப்படுவதற்குள் அதை நிறுத்தி வைக்க முயல்வார்கள். எடுத்துவிட்டால் நிறுத்துவதற்கு எதுவும் இருக்காது. நம் ஊரிலேயே ஒரு மளிகைக்கடைத் தம்பி அரை மணி நேரத்துக்குள் அழைத்தார். போனதில் ஒரு பகுதி நிறுத்தப்பட்டு, பிறகு கைக்கு வந்தது. அந்தச் சகோதரிக்கும் இந்தத் தம்பிக்கும் வித்தியாசம் அந்த 11 நாட்கள்தான்.

அழைக்கும்போது கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். கோபத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. அடுத்து வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதில் முக்கியமானது. நம் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை என்ற நிலையில் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு நம்மைச் சேராது என்றது அது. ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போனது நம் இழப்பு என்றும் அது சொன்னது. தெரிவித்த பிறகு போவதற்கு வங்கிதான் பொறுப்பு என்றது. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொன்னவருக்கே லாபம்.

"போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள்" என்று பிறகு ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம். வங்கியின் எண்ணையும் இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். போலி எண்களை அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். ஏ.டி.எம். அட்டையின் பின்புறமோ பாஸ்புக்கிலோ உள்ள எண்ணைப் பாருங்கள்.

வீட்டு ஆண்களுக்கு

கடைசியாக, ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். சபரில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். மனைவியோ உம்மாவோ மகளோ ஏமாந்துவிட்டேன் என்று வந்து நின்றால், முதல் வார்த்தை திட்டாக இருக்க வேண்டாம். நீங்கள் திட்டுவீர்கள் என்ற பயம்தான் திருடனுக்கு 11 நாட்களைக் கொடுத்தது. ஏமாறுபவர்களில் படித்தவர்கள் இருக்கிறார்கள், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். முதலில் 1930ஐ அழையுங்கள். பேச வேண்டியதைப் பிறகு பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம்.

ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் நம் கல்லூரி மாணவர்கள் இருப்பார்கள். பெண்களுக்கு மாடியில் மாணவிகள் இருப்பார்கள். போனைக் கொண்டுவந்தால் பாதுகாப்பு அமைப்புகளைச் சரிசெய்து தருவார்கள். அவர்கள் உங்கள் பின் நம்பரைக் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவர்களிடமும் சொல்லாதீர்கள், எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

நம் பொருளையும் மானத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஏமாந்து நிற்பவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைக் கொடுப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.