மூளையில் ஒரு புகைமூட்டம்: மோயாமோயா நோயும் அறுவை மருத்துவமும்



எளாவூரிலோ, பழவேற்காடு ஏரியைச் சார்ந்து வாழும் மீனவர் குப்பங்களிலோ, ஒரு குழந்தை ஏங்கி ஏங்கி அழுதபின் அதன் வலக்கை சற்றுநேரம் தொய்ந்து கிடந்தால் வீட்டார் என்ன எண்ணுவர்? அழுது களைத்தது என்பர் சிலர். கண்ணேறு என்று சுற்றிப் போடுவர் சிலர். வலிப்போ என்று அஞ்சுவாரும் உண்டு. சிறிது நேரத்தில் கை பழையபடி இயங்கும். குழந்தை விளையாடப் போய்விடும். பேச்சும் அத்துடன் முடியும். அங்ஙனம் முடிந்துவிடுதலே தீங்கு. தானே வந்து தானே மறையும் அத்தளர்ச்சி, அரிதாக, மோயாமோயா என்னும் மூளைக் குருதிக்குழாய் நோயின் முதற்குறியாக இருத்தல் கூடும்.

ஏரிக்கரை மக்களுக்கு இந்நோயின் இயல்பை விளக்குதல் எளிது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடல்நீரின் வரத்துக் குறைகிறது. பெருவழி அடைபட, நீர் சிறு கால்களில் கசிந்து வருகிறது. மூளையிலும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்கிறது. கழுத்தின் இருபுறமும் மேலேறும் உள்கழுத்துத் தமனிகள், மண்டையோட்டினுள் கிளை பிரியும் இடத்தில் மெல்ல மெல்லச் சுருங்குகின்றன. பட்டினி கிடக்கும் மூளை, அடிப்பகுதியிலுள்ள நுண்குழாய்களை விரித்து எப்படியோ குருதியை வருவித்துக்கொள்கிறது. அந்நுண்குழாய்கள் மெலிந்தவை, பெருந்தமனியின் சுமையைத் தாங்கப் படைக்கப்பட்டவை அல்ல. சிறுவர்களுக்கு அவற்றின் வழியே வரும் குருதி போதாமையால் பக்கவாதம் நேர்கிறது. நடுவயதினருக்கோ அவை வெடித்து மூளையினுள் குருதி கசிவதும் உண்டு.

பெயர் சப்பானியருடையது. மூளையின் குருதிக்குழாய்களை எக்ஸ்-ரே படத்தில் காணும் வழியை 1927-இல் போர்த்துகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸ் கண்டார். அவ்வழி இல்லையேல் இந்நோய் இன்றளவும் மறைந்தே கிடந்திருக்கும். 1957-இல் தக்கேயுச்சி, சிமிசு என்னும் இருவர் இதனை முதன்முதலில் எடுத்துரைத்தனர். 1969-இல் செண்டாய் நகரின் சுசுக்கியும் தக்காக்குவும், படத்தில் தெரிந்த நுண்குழாய்த் திரளைக் காற்றில் ஊதிவிட்ட புகைக்கு ஒப்பிட்டு, மங்கலாய் மிதப்பதைக் குறிக்கும் ‘மோயாமோயா’ என்னும் சொல்லால் வழங்கினர். மருத்துவப் பெயர்களுள் இத்துணைப் பொருத்தமான உவமை வேறொன்று கிடைப்பது அரிது.

இனி, காரணம். இது மாரடைப்பில் காணப்படும் கொழுப்புப் படிவு அன்று. தமனியின் உட்படலத்தில் தசைச்செல்கள் பெருகி, உள்வழி குறுகுகிறது. உண்ட உணவினாலோ, பெற்றோர் செய்த பிழையினாலோ வருவதன்று; ஒருவரிடமிருந்து மற்றவரைத் தொற்றுவதும் இல்லை. 17-ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்.என்.எஃப். 213 என்னும் மரபணுவின் மாற்றம் இந்நோய்க்கு இடந்தருகிறது என்று 2011-இல் சப்பானிய ஆய்வாளர் கண்டனர். ஆயினும் அம்மாற்றம் உடையோருள் மிகப் பலர் நோயின்றியே வாழ்கின்றனர். ஆகவே மரபணு ஒன்றே முழுக் காரணம் ஆகாது. சப்பானிலும் கொரியாவிலும் மிகுதி, இந்தியாவில் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. அரிவாள்செல் சோகை, டவுன் குறைபாடு, தலைக்குக் கதிர்வீச்சு மருத்துவம் பெற்றமை ஆகியவற்றை ஒட்டியும் இதே சுருக்கம் தோன்றும். அதனை மோயாமோயா கூட்டறிகுறி என்பர். நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள்செல் சோகை 1952-இலேயே கண்டறியப்பட்டது. எனவே தமிழகத்துக்கு இது முற்றிலும் அயலான செய்தியன்று.

அழுகைக்கும் கைத்தளர்ச்சிக்கும் என்ன தொடர்பு? ஏங்கி அழுகையில் மூச்சு விரைகிறது. குருதியிலுள்ள கரியமில வாயு குறைகிறது. அது குறையவே மூளையின் குழாய்கள் சுருங்குகின்றன. நலமுள்ள குழந்தைக்கு அச்சுருக்கம் பொருட்டன்று. ஏற்கெனவே குருதி குன்றிய மூளைக்கோ அதுவே பேரிழப்பு. ஊதுகுழலால் அடுப்பூதுதல், பலூன் ஊதுதல், நாகசுரம் பயிலுதல், சூடான கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தல் ஆகிய எல்லாவற்றிலும் இதே நிலை வரலாம். வெயிலில் நீரிழப்பும் இதனைத் தூண்டும். வாய் கோணுதல், நா குழறுதல், கால் இடறுதல், காலையில் எழுந்ததும் தலைவலி, வலிப்பு ஆகியனவும் குறிகளே. தளர்ச்சி ஒருமுறை வலக்கையிலும் மறுமுறை இடக்கையிலும் வருமாயின் ஐயம் வலுக்கும்.

மருந்து இச்சுருக்கத்தைத் திருப்புவதில்லை. ஆஸ்பிரின் குருதி உறைவதைத் தடுக்குமேயன்றிக் குழாயை அகற்றாது. முகத்துவாரத்தைத் தூர்வாருவதுபோல் அடைப்பையே விரித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். பலூனாலும் ஸ்டென்ட்டாலும் முயன்றதுண்டு. மீண்டும் அடைபடுவதால் அது நிலைக்கவில்லை. ஆகவே அறுவை மருத்துவர் அடைப்பைத் தொடாமல், வேறிடத்திலிருந்து கால்வாய் வெட்டிக் கொணர்கின்றனர்.

அக்கால்வாய் காதின் முன்னே பொட்டில் விரல் வைத்தால் துடிக்கும் தமனி. அது தலைத்தோலுக்குக் குருதி தருவது. சிறிது ஈந்தாலும் தோலுக்குக் கேடில்லை. மண்டையோட்டில் சாளரம் திறந்து, அத்தமனியின் முனையை மூளையின் மேற்பரப்புத் தமனியோடு நுண்ணோக்கியின்கீழ் தைப்பது நேரடி முறை. தைக்கப்படும் குழாயின் அகலம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். இழையோ தலைமயிரினும் மெல்லியது. துருக்கியில் பிறந்த காசி யாசர்கில் 1967-இல் சூரிச்சு நகரில் இவ்விணைப்பை முதன்முதலில் மனிதருக்குச் செய்தார். பின்னர் 1972-இல் மோயாமோயா நோய்க்கும் அது பயன்பட்டது. தைத்த அன்றே குருதி பாயும் என்பது இதன் சிறப்பு.

சிறு குழந்தைகளின் குழாய்கள் தையலுக்கு இடந்தரா. அவர்களுக்கு மறைமுக முறை பெரிதும் உதவுகிறது. தமனியை வெட்டாமல், அதனைச் சுற்றியுள்ள திசுவோடு பெயர்த்து, மூளையுறையைக் கீறி, மூளையின்மேல் படியுமாறு வைத்துத் தைத்துவிடுவர். பசித்த மூளை அதனின்று புதுக்குழாய்களைத் தானே வளர்த்துக்கொள்கிறது! அதற்குச் சில திங்கள் ஆகும். அதுவரை இடர் நீங்கியதாகக் கொள்ளலாகாது. பெரும்பாலும் இருபக்கமும் நோய் இருப்பதால், ஒருபக்கம் முடித்துச் சிறிது காலம் கழித்து மறுபக்கம் செய்வதுண்டு.

அறுவையிலும் ஆபத்து உண்டு. அந்நாள்களிலேயே பக்கவாதம் வரலாம். எனினும் பயன் பெரிது. குருதிக்கசிவு நேர்ந்த 80 பெரியோரைச் சப்பானில் ஐந்தாண்டு பின்தொடர்ந்தனர். அறுவை செய்துகொண்ட 42 பேருள் 5 பேருக்கும், செய்யாத 38 பேருள் 12 பேருக்கும் மீண்டும் கசிவு நேர்ந்தது. 2014-இல் வெளிவந்த முடிவு அது. சிறிய எண்ணிக்கைதான், ஆனால் இத்துணை அரிய நோய்க்கு அதைத் திரட்டுவதே பெரும்பணி.

நோன்பு பற்றியும் ஒரு சொல். நீரும் விலக்கி நோற்பது சமண மரபில் போற்றப்படுவது. ஆயினும் இந்நோயுடையார்க்கு நீரிழப்பே பக்கவாதத்தை அழைக்கும். மருத்துவரைக் கேளாமல் அவர்கள் நீரைத் துறத்தல் தகாது. கேட்டால் அவர் இசையப் போவதும் இல்லை.

எளாவூரில் ஏறும் புறநகர் ரயில் சென்னை சென்ட்ரலுக்கு வருகிறது. 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவு. சாலையைக் கடந்தால் அரசுப் பொது மருத்துவமனை, டாக்டர் பி. இராமமூர்த்தி 1950-இல் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கிய இடம் அதுவே. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் சிறீ சித்திரா நிறுவனம் ஆகியவற்றிலும் இவ்வறுவை நிகழ்கிறது.

கை தொய்ந்திருக்கும்போதே 108-ஐ அழைத்தல் வேண்டும். அது மீள்கிறதா என்று காத்திருத்தல் கூடாது. அழைக்குமுன்னரே மீண்டுவிட்டாலும் அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும். எக்கை தொய்ந்தது, எத்துணை நிமிடம், அதற்குமுன் குழந்தை அழுததா, ஓடியதா, எதையேனும் ஊதியதா என்பவற்றை மருத்துவரிடம் சொல்லுதல் நலம். கைப்பேசியில் படம் பிடித்திருந்தால் இன்னும் நன்று. வலிப்பு என்று கருதி மூளை மின்பதிவு எடுக்கும் இடத்தில் குழந்தையை வேகமாக மூச்சுவிடச் சொல்வது வழக்கம். அழுதபின் கை தளர்ந்த செய்தியை அங்கே முன்னரே சொல்லிவிட்டால் அதனைத் தவிர்ப்பர். குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு வழி விடுவர்.